தீயே இல்லாமல் வெந்த விரல்கள்: கேஸ் சிலிண்டர் மாற்றும் அந்த இரண்டு நிமிடத்தின் வரலாறு

1/ இன்னைக்கு கொஞ்சம் நீளமான இழை. ஒரு கேஸ் சிலிண்டரைக் கழற்றி மாட்டுறதுக்குப் பின்னால நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு. வீட்ல யாராவது கோடவுன், தொழிற்சாலை, துறைமுகம், வளைகுடா வேலைன்னு போயிருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

2/ மேலநீலிதநல்லூர் பக்கம் மானாவாரி பூமி. மழை பெஞ்சா விவசாயம், இல்லன்னா வெளியூர். அப்படி வளைகுடாவுக்குப் போன ஒரு தம்பி, லீவுல வந்தவர், அம்மாவோட என்னைப் பார்க்க வந்தார். வலது கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் கருத்திருந்தன. சுற்றிலும் உடைந்த கொப்புளம். காயம் பட்டு 12 நாள் ஆகியிருந்தது.

3/ பார்த்தா தீக்காயம் மாதிரி. "எதுல சுட்டுச்சு?"ன்னு கேட்டேன்.
"தீயே இல்ல சார். சிலிண்டர் மாத்தினேன், வெந்துட்டு."
அம்மா குறுக்கிட்டாங்க: "தீயே இல்லங்கான் சார். எப்படி வேகும்? என்னமோ மறைக்கான்."
அவர் எதையும் மறைக்கல. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

4/ கோடவுன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற வேலை. சரக்கு மூட்டைகளைப் பலகையோட தூக்கி அடுக்குற வண்டி. நம்ம ஊர்ல பெரும்பாலும் டீசலிலோ பேட்டரியிலோ ஓடும். அங்கே ஓடியது புரோபேன் கேஸில். வண்டியின் பின்பக்கம் ஒரு சிலிண்டர் படுத்திருக்கும். தீர்ந்தா அதைக் கழற்றிட்டு வேற மாட்டணும். அந்த வண்டிக்கு எரிபொருள் நிரப்புறதுன்னா அதுதான்.

5/ "யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா தம்பி?"
"இல்ல சார். வீட்ல அம்மாவுக்கு நான்தான் சிலிண்டர் மாத்துவேன். அதே மாதிரிதான்னு நெனச்சேன்."
இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த இழையை எழுதுறேன். அது அதே மாதிரி கிடையாது. ஏன்னு புரிய கொஞ்சம் பின்னால போகணும்.

6/ வருஷம் 1910. அமெரிக்காவில் ஒரு ஃபோர்டு கார்க்காரருக்குக் கோபம். காசு கொடுத்து வாங்கின பெட்ரோலில் பாதி ஆவியாப் போகுதுன்னு புகார். பிட்ஸ்பர்க்கில் இருந்த அரசு வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங் அந்தப் பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்து மூடி போட்டார். மூடி நிக்கவே இல்ல. திரும்பத் திரும்பத் தெறிச்சுக்கிட்டே இருந்தது.

7/ பெட்ரோலுக்குள்ள ஒளிஞ்சிருந்து மூடியைத் தள்ளியவை புரோபேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள். அவற்றைப் பிரித்து, அழுத்தி, திரவமாக்கி, இரும்புக் கலத்தில் அடைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1912ல் ஒரு வீட்டில் அது விளக்காகவும் அடுப்பாகவும் எரிந்தது. 1913ல் காப்புரிமை கிடைத்தது. பிறகு அதை 50,000 டாலருக்கு ஃபிராங்க் பிலிப்ஸ் என்ற எண்ணெய் வியாபாரிக்கு விற்றார். நம்ம எல்பிஜி பிறந்தது இப்படித்தான்.

8/ மூடி தெறிச்சது ஏன்? புரோபேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். தண்ணீர் 100ல் கொதிக்கும், இது பனிக்கட்டியை விடக் குளிர்ச்சியான நிலையிலேயே கொதிச்சுடும். சாதாரண வெயிலில் அது திரவமா இருக்கணும்னா அழுத்தி அடைச்சே ஆகணும். 40 டிகிரி வெயிலில் புரோபேன் சிலிண்டருக்குள்ள இருக்கும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கு.

9/ திறந்துவிட்டா என்ன ஆகும்? ஒரு லிட்டர் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவா விரியும். அப்படி விரியத் தேவையான வெப்பத்தை அக்கம்பக்கத்தில் இருந்து உறிஞ்சும். பக்கத்தில் இருப்பது உங்க விரல்னா, விரலில் இருந்து. தம்பிக்கு நடந்தது அதுதான். விரல் சுடல, உறைஞ்சுது. மருத்துவத்தில் உறைபனிக் காயம். இமயமலையில் பணியாற்றும் ராணுவ வீரர்களுக்கு வரும் காயம், பாலைவன ஊர் கோடவுனில் ஒருத்தருக்கு வந்திருக்கு.

10/ இந்த ஆபத்தை நம்ம நாட்டுச் சட்டம் ரொம்ப முன்னாடியே புரிஞ்சுக்கிட்டது. வெடிபொருள் சட்டம் 1884ல் வந்தது. 1938 செப்டம்பர் 28 தேதியிட்ட அரசாணை, உலோகக் கலத்தில் அழுத்தியோ திரவமாக்கியோ அடைத்த எந்த வாயுவும் அந்தச் சட்டப்படி வெடிபொருள்தான்னு அறிவிச்சது. 1940ல் சிலிண்டர் விதிகள் வந்தன. இன்னைக்கு இருக்கும் 2016 கேஸ் சிலிண்டர் விதிகள் அந்த வரிசையில் வந்தவை.

11/ சங்கரன்கோவில் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு செய்தி. வடக்கே சிவகாசியில் பட்டாசு ஆலைகளை மேற்பார்க்கும் அதே மத்திய வெடிபொருள் துறைதான் சிலிண்டருக்கும் பொறுப்பு. பட்டாசு மூட்டை பக்கத்துல பீடி பத்த வைக்க யோசிப்போம். சிலிண்டர் பக்கத்துல யோசிக்க மாட்டோம். சட்டத்தின் கண்ணில் ரெண்டும் ஒரே குடும்பம்.

12/ இந்தியச் சமையலறைக்கு எல்பிஜி வந்தது 1955ல், பம்பாயில், பர்மா ஷெல் கம்பெனி மூலமா. 1965 அக்டோபரில் கல்கத்தாவில் இண்டேன் தொடங்கியது. நம்ம கிராமங்களில் பல வீடுகளுக்கு அது நுழைந்தது 2007ல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான். விறகுப் புகையில் இருமிக்கிட்டிருந்த அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு மருத்துவரா எனக்குத் தெரியும். இந்த இழை கேஸுக்கு எதிரானது இல்ல.

13/ கேஸுக்கு இயல்பா வாசனை கிடையாது. நம்ம மூக்குக்குத் தெரியுற அந்த அழுகின முட்டைக்கோஸ் நாத்தம் வேணும்னே சேர்த்தது. பெயர் எத்தில் மெர்காப்டன். உலகம் அதைக் கட்டாயமாக்கத் தொடங்கினதுக்குப் பின்னால ஒரு பள்ளிக்கூடம் இருக்கு.

14/ 1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், நியூ லண்டன் என்ற ஊர். பள்ளி நிர்வாகம் செலவைக் குறைக்க எண்ணெய் வயல் குழாயிலிருந்து வாசனையில்லாத இயற்கை எரிவாயுவை எடுத்துப் பயன்படுத்தியது. அது எல்பிஜி இல்ல, வேற வாயு. கட்டிடத்தின் அடியில் கசிஞ்சு நிறைஞ்சது யாருக்கும் தெரியல. பட்டறை ஆசிரியர் ஒரு மின் இயந்திரத்தை ஆன் பண்ணினார், பொறி பறந்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் குழந்தைகள். அதுக்கப்புறம்தான் டெக்சாஸில் கேஸுக்கு நாத்தம் கட்டாயமாச்சு. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

15/ ஒரு மருத்துவக் குறிப்பு. மூக்கை மட்டும் நம்பாதீங்க. கொஞ்ச நேரம் அதே வாசனையில் நின்னா மூக்கு பழகிடும், நாத்தம் "போயிட்ட" மாதிரி இருக்கும். சளி பிடிச்சா தெரியாது. கோவிட்டுக்குப் பிறகு வாசனை முழுசாத் திரும்பாதவங்களும் நம்மிடையே இருக்காங்க. எல்பிஜி காற்றை விட கனம். மேலே போகாது, தரையோட தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். உங்க மூக்கு இருக்கும் உயரத்தில் நாத்தம் வர்றதுக்குள்ள காலடியில் நிறைஞ்சிருக்கும்.

16/ இப்ப தம்பி சொன்ன "அதே மாதிரிதான்"க்கு வருவோம். வீட்டு சிலிண்டர் நிமிர்ந்து நிக்கும். கீழே திரவம், மேலே வாயு. மேலிருந்து வாயு மட்டும் அடுப்புக்குப் போகும். ரெகுலேட்டரைக் கழற்றினா உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வைத் தானா மூடிடும். 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதிலும் முழுசா நிரப்ப மாட்டாங்க. வெயிலில் திரவம் விரிய இடம் வேணும்னு சுமார் ஐந்தில் ஒரு பங்கை காலியா விடுவாங்க. நாம கவனக்குறைவா இருந்தாலும் காப்பாத்துற மாதிரி வடிவமைச்ச பொருள் அது.

17/ ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டர் படுத்திருக்கும். உள்ளே ஒரு குழாய் வளைஞ்சு அடியில் இருக்கும் திரவத்தைத் தொட்டுக்கிட்டிருக்கும். எஞ்சினுக்கு வர்ற குழாயில் வாயு இல்ல, திரவம். வால்வு கைச்சக்கர வால்வு. நீங்க திருகினாத்தான் மூடும். இணைப்பில் தானா அடைக்கும் அமைப்பு இருந்தாலும், ரப்பர் வளையம் தேஞ்சிருந்தாலோ தூசி அடைச்சிருந்தாலோ அது கைவிட்டுடும்.

18/ தம்பி வால்வை முழுசா மூடல. வீட்டில் மூட வேண்டிய தேவை இல்லையே! நேரா இணைப்பைக் கழற்றினார். திரவம் பீச்சி அடிச்சது. கையில் துணி கிளவுஸ் போட்டிருந்தார். அது நனைஞ்சு விரலோட ஒட்டி இன்னும் கெடுதல் பண்ணிடுச்சு. அந்த நேரம் பக்கத்தில் ஒரு பொறி இல்லாதது அவர் அம்மா செஞ்ச புண்ணியம்.

19/ ஒரு வால்வு தப்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு சரித்திரத்தில் பெரிய சாட்சி, பிரான்சில் லியோன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபெய்சின். 1966 ஜனவரி 4, விடிகாலை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. புரோபேன் நிரம்பிய பெரிய உருண்டைத் தொட்டி. அடியில் தேங்குவதை வடிக்க ஒன்றன்கீழ் ஒன்றாக ரெண்டு வால்வு. தொழிலாளி கிட்டத்தட்ட வேலையை முடிச்சுட்டு மேல் வால்வை மூடி, மறுபடி லேசாத் திறந்தார். எதுவும் வரல. உள்ளே உறைஞ்சு அடைச்சிருந்தது. இன்னும் திறந்தார். அடைப்பு சட்டுனு விட்டது.

20/ புரோபேன் அவர் மேல பீய்ச்சியது. வால்வின் கைப்பிடி கழண்டு வந்துடுச்சு, திரும்ப மாட்ட முடியல. கீழ் வால்வு உறைஞ்சு போய் மூட மறுத்தது. வாயு மேகமாத் தரையோட தவழ்ந்து சாலை வரைக்கும் போச்சு. அங்கே வந்த ஒரு காரினால் பற்றியது. நெருப்பு தொட்டிக்குத் திரும்பி வந்தது. சுமார் ஒன்றரை மணி நேரம் கழிச்சு தொட்டி வெடிச்சது. 18 பேர் இறந்தாங்க, அதில் தீயணைப்பு வீரர்கள் நிறைய. மேல் வால்வை முழுசாத் திறந்து வெச்சுட்டு கீழ் வால்வால் மட்டும் கட்டுப்படுத்தணும்ங்கிற வரிசை முறையைத் தொழிற்சாலைகள் கறாராப் பிடிச்சுக்கிட்டதுக்கு இந்த மரணங்கள் முக்கியக் காரணம்.

21/ நம்ம நாட்டில் 1997 செப்டம்பர் 14, விசாகப்பட்டினம் சுத்திகரிப்பு ஆலை. கப்பலில் வந்த எல்பிஜியைக் கரையில் இருக்கும் தொட்டிக்கு மாற்றும்போது கசிவு. சுமார் 60 பேர் இறந்தாங்க. கவனிச்சீங்களா? ஃபெய்சினில் வடிக்கும்போது, விசாகப்பட்டினத்தில் மாற்றும்போது, தம்பிக்குக் கழற்றும்போது. கேஸ் அடைஞ்சு கிடக்கும்போது பெரும்பாலும் சாது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறும் அந்த நிமிஷம்தான் கண்டம்.

22/ அதனாலதான் வீட்டு சிலிண்டரிலிருந்து சின்ன மோட்டார் வெச்சு காருக்கும் ஆட்டோவுக்கும் கேஸ் ஏத்துறதைச் சட்டம் தடுக்குது. வண்டியில் எல்பிஜி பயன்படுத்த 2000ம் ஆண்டு சட்டத் திருத்தம் அனுமதி கொடுத்தது. 2001 ஆணை அதை ஒழுங்குபடுத்தியது. வீட்டு உபயோகக் கேஸ் வண்டிக்கு இல்ல. ஐம்பது நூறு ரூபா மிச்சம்னு சந்துக்குள்ள வண்டியை விடாதீங்க. அங்கே இருக்கிறது விசாகப்பட்டினத்தின் குட்டி வடிவம்.

23/ இப்ப சிகிச்சை. இதிலும் ஒரு வரலாறு உண்டு. 1812ல் நெப்போலியன் படை ரஷ்யக் குளிரில் பின்வாங்கியபோது தலைமை அறுவை மருத்துவர் லாரே ஒண்ணு கவனிச்சார். உறைஞ்ச கைகாலை நெருப்பில் காட்டினவங்களுக்கு அழுகல் மோசமாச்சு. அதனால "சூடு கூடாது, பனியால் தேய்"ன்னார். கவனிச்சது சரி, எடுத்த முடிவு தப்பு. ஆனா அந்த அறிவுரை நூறு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அலாஸ்காவில் வில்லியம் மில்ஸ் என்ற மருத்துவர் 1960 வாக்கில், வெதுவெதுப்பான தண்ணீரில் வேகமாச் சூடேத்துறதுதான் திசுவைக் காப்பாத்தும்னு நிறுவினார்.

24/ ஆகவே திரவ கேஸ் கையில் பட்டா:
• முதலில் கசிவிலிருந்து விலகி காற்றோட்டமான இடத்துக்கு வாங்க.
• நனைஞ்ச கிளவுஸ், மோதிரம், வாட்ச் எடுங்க. தோலோட ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க, தண்ணீரில் நனைச்சு விடுவிங்க.
• 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் 15 முதல் 30 நிமிஷம். குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு, அதுக்கு மேல வேண்டாம்.
• தேய்க்காதீங்க, நெருப்பில் காட்டாதீங்க, ஐஸ் வைக்காதீங்க. பேஸ்ட், மஞ்சள், மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீங்க.
• கண்ணில் பட்டா சாதாரணத் தண்ணீரில் தொடர்ந்து கழுவிக்கிட்டே மருத்துவமனைக்கு.

25/ இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. மூடிய கோடவுனில் கேஸ் வண்டி ஓடினா கார்பன் மோனாக்சைடு சேரும். அது ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் நாற்காலியைப் பிடிச்சுக்கும்னு 1850களிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி கிளோட் பெர்னார்ட் காட்டினார். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. "வெயில் ஒத்துக்கல"ன்னு மாத்திரை போட்டுட்டு திரும்ப உள்ளே போயிடுவாங்க. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98ன்னு காட்டும். அது பொய், அந்தக் கருவிக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே ஷிஃப்டில் ரெண்டு மூணு பேருக்குத் தலைவலின்னா, முதல் மருந்து வெளியே வந்து சுத்தமான காற்று.

26/ அமெரிக்காவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்களுக்கு முறையான பயிற்சியும், மூணு வருஷத்துக்கு ஒரு முறை மறுமதிப்பீடும் கொடுக்கணும்னு விதி வந்தது 1998 டிசம்பரில்தான். அந்த வண்டிகள் வந்து எத்தனையோ பத்தாண்டுகள் கழிச்சு. வால்வு வந்துடுச்சு, நாத்தம் வந்துடுச்சு, சட்டம் வந்துடுச்சு. வால்வைத் திருகுற கைக்குச் சொல்லிக் கொடுக்கணும்ங்கிறது எல்லாத்துக்கும் கடைசியா வந்திருக்கு. பல இடங்களுக்கு இன்னும் வந்து சேரல.

27/ அதனால நானே சொல்றேன். புரோபேன் வண்டியில் சிலிண்டர் மாற்றும் வரிசை:
1. வெளியே, காற்றோட்டமான இடம். பக்கத்தில் நெருப்பு, வெல்டிங், பள்ளம், சாக்கடை கூடாது. சிகரெட், போன் தள்ளி வைங்க. ஹேண்ட் பிரேக் போடுங்க.
2. எஞ்சின் ஓடும்போதே சிலிண்டர் வால்வை முழுசா மூடுங்க. குழாயில் மிச்சம் இருக்கும் கேஸ் எரிஞ்சு எஞ்சின் தானா நிற்கும் வரை காத்திருங்க. அப்புறம் சாவியை ஆஃப் பண்ணுங்க. முக்கியமான படி இதுதான்.
3. குளிர் தாங்கும் கிளவுஸ், கண்ணாடி. துணி கிளவுஸ் வேண்டவே வேண்டாம்.
4. இணைப்பை மெதுவாக் கழற்றுங்க. சீறல் நிக்கலன்னா மேற்கொண்டு கழற்றாதீங்க, வால்வைத் திரும்பப் பாருங்க.

28/ 5. புது சிலிண்டரில் நசுங்கல், துரு, ரப்பர் வளையம் பாருங்க. கனம் அதிகம், ரெண்டு பேர் தூக்குங்க. முதுகும் முக்கியம்.
6. வண்டியில் இருக்கும் முளை, சிலிண்டர் வளையத்தின் துளையில் சரியா உட்காரணும். அப்பத்தான் அழுத்தம் விடும் பாதுகாப்பு வால்வு மேல்பக்கம் வாயு இருக்கும் இடத்தில் நிற்கும். திரும்பிப் படுத்தா அவசரத்தில் வாயுவுக்குப் பதில் திரவத்தைக் கக்கும்.
7. பட்டையை இறுக்கி, இணைச்சு, வால்வை மெதுவாத் திறங்க. வேகமாத் திறந்தா உள்ளே இருக்கும் தடுப்பு, கசிவுன்னு நெனச்சு அடைச்சுக்கும்.
8. சோப்பு நுரை போட்டு இணைப்பைப் பாருங்க. தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கிறது நம்ம தாத்தா காலத்தோட போகட்டும்.
9. வேலை முடிஞ்சு வண்டியை நிறுத்தினா வால்வை மூடிட்டுப் போங்க.

29/ வீட்டில் இருக்கவங்களுக்கு ரெண்டே விஷயம். சிலிண்டர் மேல் வளையத்தில் ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். 'ஏ'ன்னா மார்ச், 'பி' ஜூன், 'சி' செப்டம்பர், 'டி' டிசம்பர். அந்த மாதம் தாண்டியிருந்தா மாத்திக் கேளுங்க. கசிவுன்னா சுவிட்சைத் தொடாம, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்க.

30/ தம்பியை மேல்சிகிச்சைக்கு அனுப்பினேன். உறைஞ்ச விரலை அவசரப்பட்டு வெட்டக் கூடாது. உயிருள்ள திசுவும் இறந்ததும் தானாப் பிரிஞ்சு கோடு தெரிய வாரக்கணக்காகும். நடுவிரல் பிழைச்சது. ஆட்காட்டி விரலில் நுனி போச்சு. ஓட்டுப் போட்டா மை வைக்கிற விரல் இடது கையில்தான், அது பத்திரம்னு சொல்லிச் சிரிச்சார். அம்மா சிரிக்கல.

31/ அவர் திரும்ப அதே வேலைக்குத்தான் போறார். வேற வழி இல்ல. போறதுக்கு முன்னாடி இந்த ஒன்பது படியையும் தாளில் எழுதிக் கேட்டு வாங்கிக்கிட்டார். "என் ரூம்ல ஏழு பேர் சார். யாருக்கும் தெரியாது"ன்னார்.

அந்த ஏழு பேர் மாதிரி உங்களுக்கும் யாரையாவது தெரிஞ்சிருக்கும். அவங்களுக்கு இதை அனுப்புங்க.